கருகிய கார்ட்லெஸ் டிரில்: பழுதுபார்ப்பதா, பாடி மட்டும் வாங்குவதா, புது செட் எடுப்பதா?

டிரில்லின் காற்றுத் துவாரத்திலிருந்து புகை கிளம்புகிறது. வார்னிஷ் தீய்ந்த வாடை அறையை நிறைக்கிறது. பிட்டைப் பிடிக்கும் சக் மெல்லச் சுழன்று நின்றுவிடுகிறது. கடையில் காட்டினால் "இதையெல்லாம் சரிசெய்ய மாட்டார்கள், புதிதாகவே எடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். வைண்டிங் கடைக்காரரோ "ஒரு மோட்டார் போட்டால் ஓடிவிடும்" என்கிறார். சர்வீஸ் சென்டரில் கேட்டால் மெஷினை வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் குழப்பம்.

இதில் என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருகியது மோட்டாராக இருக்கலாம். ஆனால் முடிவைப் பேட்டரியைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர், ஒரு மெஷின் கொண்ட செட்டில் விலையின் பெரும்பங்கு பேட்டரியிலும் சார்ஜரிலும் இருக்கிறது. சுழலும் பகுதிக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் வைத்த சாதாரண மோட்டார் அந்தச் செட்டில் மலிவான பாகங்களில் ஒன்று. அந்த மலிவான பாகம் போனதற்காக நல்ல பேட்டரிகளையும் சேர்த்துக் குப்பையில் போடுவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. உயிர் போன பேட்டரியை வைத்துக்கொண்டு மோட்டாருக்குச் செலவழிப்பதும் அதே அளவு வீண்.

## முடிவெடுக்க உதவும் அளவுகோல்கள்

### போனது எந்தப் பாகம்?

"மெஷின் கருகிவிட்டது" என்று கொண்டுவரப்படும் டிரில்கள் எல்லாவற்றிலும் மோட்டார் கருகியிருப்பதில்லை. உள்ளே பேட்டரி, ஸ்விட்ச், மோட்டார், கியர்பாக்ஸ் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சாகும்.

ஸ்விட்ச் என்று நாம் சொல்வது வெறும் ஆன்–ஆஃப் விசை இல்லை. அதற்குள் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்ஃபெட் என்ற மின்னணுப் பாகம் இருக்கிறது. விசையை மெல்ல அழுத்தினாலும் டிரில் முழு வேகத்தில் பாய்ந்தால், அல்லது கையை எடுத்த பிறகும் நிற்காமல் ஓடினால், அந்த மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கிறது. உடனே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். இதற்கு ஸ்விட்ச் மாற்றினால் போதும். மோட்டாரைத் தொட வேண்டியதில்லை.

மோட்டார் ஓடுகிறது, சக் சுழலவில்லை, கரகரவென்று சத்தம் வருகிறது என்றால் கியர்பாக்ஸில் பல் உடைந்திருக்கும். முன்பக்கம் இருக்கும் கிளட்ச் வளையத்தைக் குறைந்த எண்ணில் வைத்துவிட்டு "பலமே இல்லை" என்று கொண்டுவருபவர்களும் உண்டு. வளையத்தை டிரில் குறிக்குத் திருப்பிப் பார்ப்பது இலவசச் சோதனை.

அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், நன்றாக இருக்கும் வேறொரு பேட்டரியைப் போட்டுப் பாருங்கள். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் போர்டு மின்சாரத்தைத் துண்டித்திருக்கலாம்.

உண்மையிலேயே மோட்டார் கருகியதற்கு அடையாளம் அந்த வாடை. மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியின் மேல்பூச்சு உருகும்போது வருவது அது. பிரஷ் மோட்டாரில் துவாரம் வழியாகச் சிறு நீலப் பொறிகள் தெரிவது இயல்பு. பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைச் சுற்றி ஆரஞ்சு நிற நெருப்பு வளையம்போல் தெரிந்தால் அது இயல்பில்லை.

இதிலும் ஏமாற்றும் ஒரு நிலை இருக்கிறது. புகைந்த டிரில், ஆறிய பிறகு மறுபடி ஓடும். "பரவாயில்லை, தப்பித்தது" என்று வேலையைத் தொடருவார்கள். ஆர்மேச்சரில் சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும்; மெஷின் சும்மா சுழலும்போதே சூடாகும், பேட்டரி சீக்கிரம் தீரும். அந்த அரைகுறை மோட்டார் இயல்பைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்து, முதலில் ஸ்விட்ச்சையும் பிறகு பேட்டரியையும் தன்னோடு கொண்டுபோய்விடும். ஒரு பாகத்துக்கான செலவு மூன்று பாகத்துக்கான செலவாக மாறுவது இப்படித்தான். ஒருமுறை புகைந்த மெஷினை, ஓடினாலும், சோதிக்காமல் வேலைக்கு எடுக்காதீர்கள்.

### பேட்டரிக்கு எவ்வளவு ஆயுள் மிச்சம்?

18 வோல்ட் பேட்டரி என்பது 3.6 வோல்ட் லித்தியம் செல்கள் ஐந்தைத் தொடராக இணைத்தது. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், ஆக மொத்தம் 21 வோல்ட். "20 வோல்ட் மேக்ஸ்", "21 வோல்ட்" என்று எழுதியிருப்பதும் இதே ஐந்து செல்கள்தான். 48, 88 என்றெல்லாம் அச்சிட்டு விற்கும் மலிவு மெஷின்களின் பேட்டரியைத் திறந்தாலும் பெரும்பாலும் இதே ஐந்துதான் இருக்கும்.

முழுதாகச் சார்ஜ் செய்து சற்று நேரம் கழித்து மல்டிமீட்டரில் பாருங்கள். 20 வோல்ட்டுக்கு மேல் காட்டி, இரண்டு மூன்று நாள் சும்மா வைத்தும் இறங்காமல் இருந்தால் நல்ல அறிகுறி. சார்ஜர் ஐந்து நிமிடத்திலேயே பச்சை விளக்கு காட்டினாலோ, முழு சார்ஜ் ஆன பேட்டரி நாலு ஸ்குரூவில் படுத்துவிட்டாலோ செல்கள் தளர்ந்துவிட்டன. இவ்வகை செல்களின் கொள்ளளவு ஏறக்குறைய 300 முதல் 500 முழுச் சுழற்சிகளில் 80 சதவீதத்துக்கு இறங்கும். வெயில் அதை இன்னும் விரைவுபடுத்தும். லித்தியம் செல்களைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. அக்னி நட்சத்திர நாட்களில் வண்டியின் பெட்டிக்குள் கிடந்த பேட்டரியை எடுத்த சூட்டோடு சார்ஜரில் மாட்டுவது அதன் ஆயுளை நாமே அறுப்பதாகும்.

பழைய நிக்கல் கேட்மியம் பேட்டரி வைத்த டிரில் உங்களிடம் இருந்தால் கணக்கே வேறு. அவற்றில் ஒரு செல் 1.2 வோல்ட், 18 வோல்ட்டுக்குப் பதினைந்து செல்கள். ஐரோப்பிய ஒன்றியம் கார்ட்லெஸ் கருவிகளில் இவ்வகை பேட்டரிகளை 2016 இறுதியோடு நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட மெஷினுக்கு மோட்டார் மாற்றுவதில் பொருளில்லை. அந்தக் கூட்டுக்குள் லித்தியம் செல்களைத் திணித்துப் பழைய சார்ஜரிலேயே ஏற்றும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தச் சார்ஜருக்கு லித்தியம் செல்லை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது. தீப்பிடிக்கும்.

### ஏன் கருகியது?

இதற்குப் பதில் இல்லாமல் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அடுத்த மோட்டாரும் கருகும்.

மோட்டாரின் குளிர்விக்கும் விசிறி அதன் அச்சிலேயே இருக்கிறது. மோட்டார் வேகமாகச் சுழன்றால் காற்று வரும். பளுவில் திணறி மெதுவாகச் சுழன்றால் காற்று குறையும். மின்னோட்டமோ திணறும்போதுதான் உச்சத்தில் இருக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் எழும் வெப்பம் நான்கு மடங்கு. சூடு அதிகமாகும் அதே நொடியில் காற்று நின்றுபோகிறது. கருகுவதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை.

அந்த நிலைக்கு மெஷினைத் தள்ளும் வேலைகள் சிலவே. மேலே இருக்கும் கியர் பொத்தானை 2-இல் வைத்துக்கொண்டே பெரிய துளை போடுவது முதலாவது. 2 என்பது வேகம், 1 என்பது வலு. பெரிய வட்டத் துளை அறுக்கும் ஹோல் சா, நீள ஸ்குரூ, தடித்த இரும்பு எல்லாவற்றுக்கும் 1-தான். மழுங்கிய பிட்டை அழுத்திக்கொண்டே இருப்பது இன்னொன்று. திசை மாற்றும் விசை ரிவர்ஸில் இருப்பதைக் கவனிக்காமல் "துளையே விழவில்லை" என்று அழுத்துவதும் நடக்கிறது. பெயின்ட், பட்டி, டைல் பசை கலக்குவதற்கு டிரில்லை மாட்டுவது மோட்டாருக்குக் கொடுக்கும் தண்டனை. தொடர்ந்து மெதுவாகப் பளு இழுக்கும் வேலை அது. அதற்கென்று தனி மிக்ஸர் இருக்கிறது.

நம் வீடுகளில் மிக அதிகமாக டிரில்லைக் கொல்வது ஜன்னல் திரை மாட்டும் வேலை என்றே நினைக்கிறேன். செங்கல் சுவரில் சுலபமாக இறங்கிய மெஷின், ஜன்னலுக்கு மேலே போனதும் நின்றுவிடும். அங்கே இருப்பது கான்கிரீட் லிண்டல். கார்ட்லெஸ் டிரில்லில் சுத்தியல் படம் போட்டிருப்பதைப் பார்த்து எல்லாச் சுவரும் துளையும் என்று நம்புகிறோம். அந்த மெஷினில் இருப்பது இரண்டு பல்வட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று தாவும் அதிர்வு மட்டுமே. கான்கிரீட்டுக்கு வேண்டியது காற்றழுத்தத்தால் பிஸ்டன் அடிக்கும் எஸ்டிஎஸ் பிளஸ் (பிட் மாட்டும் அமைப்பின் பெயர்) வகை ரோட்டரி ஹாமர்.

### எத்தனை நாள் காத்திருக்க முடியும்?

இதை வீட்டுக்காரரும் தொழில்காரரும் வேறு வேறாகப் பார்க்க வேண்டும். மாடுலர் கிச்சன் பொருத்துபவருக்கும் ஏசி மெக்கானிக்குக்கும் மெஷின் இல்லாத ஒவ்வொரு நாளும் கூலி போகும் நாள். வீட்டுக்காரருக்கு ஒரு மாதம் ஆனாலும் பெரிய இழப்பில்லை. காத்திருப்பையும் ரூபாயாக மாற்றிச் செலவில் சேர்த்த பிறகே ஒப்பிடுங்கள்.

## வழி 1: நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர்

வாரண்டி காலத்துக்குள் இருந்தால் மெஷினைத் திறக்காமல் நேராக இங்கே போங்கள். மோட்டார் அதிகப் பளுவில் கருகியதென்று தெரிந்தால் வாரண்டி பொதுவாகக் கிடைக்காது. கார்பன் பிரஷ், சக் போன்ற தேயும் பாகங்களுக்கும் அப்படியே. ஸ்விட்ச், சார்ஜர், கியர்பாக்ஸ் தானாகப் போயிருந்தால் கேட்க நியாயம் இருக்கிறது. சீரியல் எண்ணோடு பில் வேண்டும். உற்பத்திக் குறை என்று உறுதியாகத் தெரிந்தும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.

வாரண்டி முடிந்த பிறகும் இந்த வழிக்கு மதிப்பு உண்டு. மாடல் எண்ணை வைத்துச் சரியான பாகத்தை வரவழைக்க முடியும். பழுதுக்கும் ஒரு சிறு உத்தரவாதம் கிடைக்கலாம். கார்பன் பிரஷ்ஷே இல்லாத பிரஷ்லெஸ் மெஷினாக இருந்தால் பெரும்பாலும் இதுவே ஒரே வழி. பிரஷ்லெஸ் மோட்டாரின் சுருள் எளிதில் கருகாது. போவது அதை ஓட்டும் மின்னணுப் போர்டு. அது ரெசின் ஊற்றி மூடப்பட்டு, பல மாடல்களில் ஸ்விட்ச்சோடு சேர்த்து ஒரே தொகுதியாகவே விற்கப்படுகிறது. விலை சில சமயம் புது பாடியை, அதாவது பேட்டரி இல்லாத மெஷினை, நெருங்கிவிடும்.

மறைந்திருக்கும் செலவு போக்குவரத்திலும் காத்திருப்பிலும் இருக்கிறது. சென்டர்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான். கொடுக்க ஒருமுறை, வாங்க ஒருமுறை. பாகம் கையிருப்பில் இல்லையென்றால் வாரக் கணக்கு. மெஷினைக் கொடுக்கும் முன்பே மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள்: பழுது வேண்டாம் என்றால் சோதனைக் கட்டணம் எவ்வளவு? கழற்றிய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? மாற்றிய பாகத்துக்கு எத்தனை நாள் பொறுப்பு?

## வழி 2: ஊரிலுள்ள வைண்டிங் கடை, பவர் டூல்ஸ் மெக்கானிக்

மிக்ஸி, கிரைண்டர், பம்ப் மோட்டார் எல்லாவற்றுக்கும் காயில் கட்டும் கடைகள் தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட உண்டு. பம்ப் தொழிலில் பெயர்பெற்ற கோயம்புத்தூரில் அந்தக் கைத்திறன் ஊறிப்போயிருக்கிறது. இந்தக் கடைகளின் மேல் எனக்கு உள்ள மதிப்பு பெரிது. கண்முன்னே மெஷினைத் திறந்து, ஆர்மேச்சரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, "இதுதான் போயிருக்கிறது" என்று காட்டிவிடுவார்கள். பழைய மெஷின்களிலிருந்து கழற்றிய கியரும் ஸ்விட்ச்சும் அவர்கள் அலமாரியில் கிடக்கும். உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். 230 வோல்ட்டில் ஓடும் வயர் டிரில், ஆங்கிள் கிரைண்டர் ஆகியவற்றின் ஆர்மேச்சருக்கும் அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஃபீல்டு காயிலுக்கும் மறுபடி காயில் கட்டுவது நியாயமான வேலை. கார்ட்லெஸ் டிரில்லின் சிறு மோட்டார் அப்படிப்பட்டதில்லை. தகரக் குப்பிக்குள் காந்தங்களோடு அடைத்து, விளிம்பை மடித்து மூடியிருப்பார்கள். 18 வோல்ட் மோட்டார் பளு இல்லாதபோது நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு அருகில் சுழலும். கையால் சுற்றிய ஆர்மேச்சரில் எடைச் சமநிலை சற்றுத் தவறினாலும் மெஷின் கையில் நடுங்கும். "காயில் கட்டித் தருகிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். "புது மோட்டார் போட்டுத் தருகிறேன்" என்றால் மேலே பேசலாம்.

மோட்டார் போட்ட பிறகு கவனிக்க வேண்டியது, போட்டது சரியான மோட்டாரா என்பதே. 12 வோல்ட்டுக்கானதை 18 வோல்ட் மெஷினில் போட்டால் முதல் நாள் பிரமாதமான வேகத்தில் ஓடும், பிறகு கருகும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பேட்டரி அடிக்கடி துண்டிக்கிறது என்று சொன்னால், உள்ளே இருக்கும் பாதுகாப்புப் போர்டை நீக்கிவிட்டுச் செல்களை நேரடியாக இணைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். மெஷின் ஓடும். ஆனால் அதிகமாகச் சார்ஜ் ஏறினாலும், அளவுக்கு மீறி இறங்கினாலும், ஷார்ட் ஆனாலும் தடுக்க உள்ளே எதுவும் இருக்காது. வீட்டில் குழந்தைகள் தூங்கும் அறையில் அந்தப் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். இதற்கு எந்த விலையிலும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

## வழி 3: நாமே மோட்டார் மாற்றுவது

சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவருக்கு, பிரஷ் மோட்டார் வைத்த டிரில்லில் இது ஒரு மாலை நேர வேலை. மலிவில் கிடைப்பதும் இதுதான்.

பல டிரில்களில் உள்ளே இருப்பது 550 என்ற அளவு மோட்டார். சற்றுப் பெரியவற்றில் 775. ஆன்லைனிலும் சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளிலும் தேடலாம். ஆனால் "550 கொடுங்கள்" என்று கேட்டால் மட்டும் போதாது. நான்கு விவரங்கள் ஒத்துப்போக வேண்டும்: வோல்ட், அச்சின் விட்டம் (550-க்குப் பொதுவாக 3.17 மில்லிமீட்டர்), அச்சின் நீளம், அதன் முனையில் இருக்கும் சிறு பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கை. இந்தப் பல்சக்கரம் 9, 11, 12, 13, 14, 15 என்று பல எண்ணிக்கைகளில் வருகிறது. ஒரு பல் கூடினாலும் கியர்பாக்ஸ் பொருந்தாது. இறுக்கித் திணித்தால் பற்கள் உதிரும். பழைய மோட்டாரைக் கழற்றி எண்ணிப் பார்த்த பிறகே ஆர்டர் போடுங்கள்.

கழற்றும்போது ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்து வையுங்கள். ஸ்குரூக்கள் பெரும்பாலும் நட்சத்திரத் தலை கொண்டவை; அதற்குரிய பிட் வேண்டும். சக்கைக் கழற்ற நேர்ந்தால், அதன் வாயைத் திறந்து உள்ளே பாருங்கள்: அடியில் இருக்கும் ஸ்குரூ இடது மரை கொண்டது, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும். மோட்டார் முனைகளில் ஒன்றின் அருகே சிவப்புப் புள்ளி இருக்கும். வயர்களை மாற்றிப் பற்றவைத்தால் முன்னே என்பது பின்னேயாகவும் பின்னே என்பது முன்னேயாகவும் மாறும், கருகாது, திருத்திக்கொள்ளலாம். இந்த வயர்கள் தடிமனானவை. 25 வாட் அயர்ன் சூடேற்றத் திணறும். 60 வாட் இருந்தால் சட்டென்று பிடிக்கும்.

வெளிச் செலவு குறைவாகத் தெரியும் இந்த வழியில் மறைந்திருப்பது கருவிகளின் விலை. பிட், மல்டிமீட்டர், அயர்ன், பல்சக்கரத்தை இழுக்கும் புல்லர் என்று எதுவுமே வீட்டில் இல்லாதவர் ஒரே ஒரு டிரில்லுக்காக அவற்றை வாங்கினால் வைண்டிங் கடைக்காரரிடம் கொடுத்ததைவிட அதிகமாகும். புது மோட்டார் போட்டும் வேகம் கட்டுப்படவில்லை என்றால் ஸ்விட்ச்சும் போயிருக்கிறது. அதற்கு இன்னொரு ஆர்டர், இன்னொரு காத்திருப்பு.

மோட்டாரை மாற்றுவதற்குச் சொன்ன தைரியத்தைப் பேட்டரிக்குச் சொல்ல மாட்டேன். செல்களை நிக்கல் பட்டையில் ஸ்பாட் வெல்டிங் செய்துதான் இணைக்க வேண்டும். நேரடியாகச் சால்டர் செய்தால் அந்தச் சூடு செல்லின் உள்ளே இருக்கும் மெல்லிய பிரிப்பானைச் சேதப்படுத்தும். அது தெரிந்தவர் கையில் ஒப்படைக்க வேண்டிய வேலை.

## வழி 4: பேட்டரி இல்லாமல் பாடி மட்டும்

பெரிய நிறுவனங்கள் பலவும் மெஷினை மட்டும் தனியே விற்கின்றன. கடையில் சோலோ என்றோ பாடி மட்டும் என்றோ கேட்க வேண்டும். பேட்டரி நல்ல நிலையில் இருந்து, கியர்பாக்ஸும் தேய்ந்து, சக்கும் ஆடத் தொடங்கியிருந்தால் இந்த வழிக்கு இணை இல்லை. பழைய பிரஷ் மெஷினிலிருந்து அதே பேட்டரியில் ஓடும் பிரஷ்லெஸ் மெஷினுக்கு மாறவும் இதுவே நல்ல சமயம்.

பலரும் இடறுவது பேட்டரி பொருத்தத்தில். நிறுவனம் ஒன்று, வோல்ட் ஒன்று என்பதால் பேட்டரியும் பொருந்தும் என்று எண்ணக் கூடாது. மக்கீட்டா நிறுவனத்தின் 18 வோல்ட் மெஷின்களில் ஜி வரிசைப் பேட்டரி எல்எக்ஸ்டி வரிசை மெஷினில் மாட்டாது. பாஷ் நிறுவனத்தின் பச்சை நிற வீட்டு உபயோக மெஷின்களும் நீல நிறத் தொழில்முறை மெஷின்களும் 18 வோல்ட்டிலும் தனித்தனிப் பேட்டரி கொண்டவை. வாங்குமுன் உங்கள் பேட்டரியைக் கடைக்கு எடுத்துச் சென்று மாட்டிப் பாருங்கள். சென்னையில் பாரிமுனைப் பக்கம் லிங்கிச் செட்டித் தெரு போன்ற கருவிக் கடைத் தெருக்களில் இது எளிது, ஆன்லைனில் முடியாது.

பெயர் தெரியாத மலிவு மெஷின்களுக்குப் பாடி தனியே கிடைப்பது அரிது. அங்கே வழி 2, வழி 3, வழி 5 ஆகியவையே மிச்சம்.

## வழி 5: புது செட்

பேட்டரி இரண்டும் தளர்ந்திருந்தால் தயங்காமல் இதற்கு வாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். புது செட் 9,000 ரூபாய், பாடி மட்டும் 4,500, ஒரு பேட்டரி 3,000, பழுது 1,600 என்று வைத்துக்கொள்வோம். பேட்டரிகள் நன்றாக இருந்தால் 1,600-க்கும் 4,500-க்கும்தான் போட்டி; பழுதுபார்ப்பதே சரி. இரண்டு பேட்டரியும் போயிருந்தால் பழுதோடு பேட்டரியும் சேர்ந்து 7,600 ஆகிறது. இன்னும் 1,400 போட்டால் புது கியர்பாக்ஸ், புது சார்ஜர், வாரண்டி எல்லாம் வருகின்றன. உங்கள் ஊரில் கிடைக்கும் விலைகளை இதே இடங்களில் நிரப்பிப் பாருங்கள். விடை தானே வந்துவிடும்.

புதிதாக எடுக்கும்போது விலை குறைந்த செட்டில் இழப்பது எங்கே என்று பாருங்கள். பெரும்பாலும் சார்ஜரில்தான். செல்களைச் சமப்படுத்தாத பேட்டரியும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாத அடாப்டரும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் போகும். மாற்றுப் பேட்டரியும் அடுத்த ஆண்டு கிடைக்காது. ஆண்டுக்குப் பத்து ஸ்குரூ போடும் வீட்டுக்கு 12 வோல்ட் வகை தாராளம்: மூன்று செல்கள், கையில் எடை குறைவு. அதை வைத்துக்கொண்டு கிரில் கேட்டில் 10 மில்லிமீட்டர் துளை போட முயல வேண்டாம்.

## வழி 6: வயர் உள்ள டிரில், அல்லது வாடகை ஹாமர்

டிரில் ஏன் கருகியது என்ற கேள்விக்கு "கான்கிரீட்", "தொடர்ந்து ஹோல் சா", "பட்டி கலக்கினோம்" என்பவற்றில் ஒன்று பதிலானால், உங்களுக்குத் தேவைப்பட்டது வேறு மெஷின். கார்ட்லெஸ் டிரில்லைச் சரிசெய்துகொள்ளுங்கள். அந்த வேலைக்கு அதை மறுபடி எடுக்காதீர்கள்.

வயர் உள்ள இம்பாக்ட் டிரில், அதே பணத்துக்கு வாங்கும் கார்ட்லெஸ் மெஷினைவிட நெடுநேரம் பளு இழுக்கும். பேட்டரி முதுமை என்ற பேச்சே இல்லை. பல மாடல்களில் கார்பன் பிரஷ்ஷை வெளியிலிருந்தே ஸ்குரூ மூடியைத் திறந்து மாற்றிவிடலாம். ஆர்மேச்சர் போனால் ஊரிலேயே காயில் கட்டலாம். ஆண்டுக்கு ஓரிரு முறை துளை போடும் வீடுகளுக்கு இதைத்தான் நான் சொல்வேன். அலமாரியில் மூன்று ஆண்டு கிடந்தாலும் எடுத்து மாட்டியதும் ஓடும். அப்படிக் கிடந்த பேட்டரி டிரில்லில் செல்கள் அடிமட்டத்துக்கு இறங்கி, மறுபடி சார்ஜ் ஏறாமலேயே போயிருக்கும்.

கான்கிரீட்டில் நான்கைந்து துளை மட்டும் என்றால் வாங்கவே வேண்டாம். கட்டுமானக் கருவிகளை வாடகைக்கு விடும் கடைகளில் ரோட்டரி ஹாமர் நாள் வாடகைக்குக் கிடைக்கும். எஸ்டிஎஸ் பிட் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முன்பணம், பிட் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் அங்கேயே பேசிவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | மறைந்திருக்கும் செலவு | காத்திருப்பு |
|---|---|---|---|
| சர்வீஸ் சென்டர் | வாரண்டி இருக்கும்போது, பிரஷ்லெஸ் மெஷின் | பயணம், சோதனைக் கட்டணம் | நாட்கள் முதல் வாரங்கள் |
| வைண்டிங் கடை | நல்ல பேட்டரி, பழைய மாடல் | பொருந்தா மோட்டார், உத்தரவாதம் இன்மை | பாகம் இருந்தால் குறைவு |
| நாமே மாற்றுவது | பிரஷ் மோட்டார், கருவிகள் கையில் உள்ளவர் | தவறான ஆர்டர், கருவி வாங்கும் செலவு | மோட்டார் வந்து சேரும் வரை |
| பாடி மட்டும் | நல்ல பேட்டரி, தேய்ந்த கியர்பாக்ஸ் | பேட்டரி பொருந்தாமை | இல்லை |
| புது செட் | பேட்டரிகளும் போனபோது | மலிவு சார்ஜர், மாற்றுப் பேட்டரி கிடைக்காமை | இல்லை |
| வயர் டிரில், வாடகை | கான்கிரீட், அரிதான உபயோகம் | எக்ஸ்டென்ஷன் வயர், பிட் தேய்மானம் | இல்லை |

தினமும் மெஷினை நம்பிப் பிழைப்பவர் இதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. பாடி மட்டும் வாங்கி நாளை காலை வேலைக்குப் போங்கள். கருகியதை வைண்டிங் கடையில் கொடுத்து, சரியாகி வந்ததும் உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் துளை, ஒன்றில் ஸ்குரூ என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் பிட் கழற்றி மாட்டும் நேரமும் மிச்சம், மோட்டாருக்கும் ஆற இடைவெளி கிடைக்கும்.

சரியாகி வந்த மெஷினை வாங்கும்போது கடையிலேயே சோதித்துவிடுங்கள். விசையை மெல்ல அழுத்தி வேகம் படிப்படியாக ஏறுகிறதா, விட்டதும் சட்டென்று நிற்கிறதா, இரு திசையும் கியர் இரண்டும் மாறுகின்றனவா என்று பாருங்கள். இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டுத் துவாரத்தின் அருகே கை வையுங்கள். வெதுவெதுப்புக்கு மேல் சூடு இருக்கக் கூடாது.

கைவிடும் பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடவோ பழைய இரும்புக்காரரிடம் எடைக்குக் கொடுக்கவோ வேண்டாம். அது நசுங்கினால் குப்பை வண்டியே எரியும். இந்தியாவில் 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்தி முடித்த பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. உலோக முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, வாங்கிய கடையிலோ நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ அனுமதி பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்திலோ ஒப்படையுங்கள். பாடியையும் தூக்கிப் போடாதீர்கள். அதில் இருக்கும் சக்கும் ஸ்விட்ச்சும் வைண்டிங் கடைக்காரரின் அலமாரியில் இன்னொரு டிரில்லுக்குக் காத்திருக்கலாம்.